தலைகீழாக விழுந்த இனிஷியல்

அத்தியாயம் 7

கருகிய கெபாசிட்டரின் நாற்றம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், மூன்று நாள் கரண்ட் இல்லாத வீட்டு ஃப்ரிட்ஜில் மீனை மறந்து வைத்தது மாதிரி என்று சொல்வேன். பிம்ப்ரியில் எட்டு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்திய மூக்கு என்னுடையது. அந்த மூக்கே அன்று காலை பத்து மணிக்கு அந்த மதர்போர்டின் முன்னால் தோற்றுப்போனது.

"எட்டப் பிடிடா சபரி. ஹால் பூரா நாறறது," என்றார் பாலாம்பாள் மேடம்.

மேடத்தின் சிஞ்ச்வட் ஃப்ளாட்டில் அந்த ஹால்தான் எங்கள் ஆபீஸ். வங்கியின் விஜிலன்ஸ் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் கள்ளக் கையெழுத்து பிடித்தவர் மேடம். ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருந்தால் கை அரிக்கிறது என்று துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். நிறுவனத்தின் மொத்த ஊழியர்களும் நான்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் ஸ்ரீரஞ்சனி. வயது இருபத்தாறு. மகர்பட்டாவில் இருக்கும் ஷிகர்தாரா எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சோதனைப் பிரிவு இன்ஜினீயர். பத்து நாளாக சஸ்பென்ஷனில் இருக்கிறாள். அழுது முடித்த முகம்.

"இது என்ன பண்றதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்று மேடம் என்னைப் பார்த்தார்.

"கெபாசிட்டருங்கற இந்தச் சின்ன டப்பாவுக்கு பிளஸ், மைனஸ்னு ரெண்டு கால் இருக்குதுங்க மேடம். டிசைன் போட்டவரே அதை மாத்திப் போட்டுட்டாரு. மிஷின் பாவம், படத்துல இருக்கறபடி ஒட்டிருச்சு."

"அப்போ ஸ்விட்ச் போட்டதும் வெடிக்கணுமே."

"எடது செருப்பை வலது கால்ல மாட்டிக்கிட்டும் கொஞ்ச தூரம் நடக்கலாமுங்க. கொப்புளம் அப்புறந்தான் வரும். இது ஒரு மாசம் நடக்குது. அப்புறம் பொகையுது."

அந்த போர்டின் பெயர் வஜ்ரா-9. கடைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் நாலாயிரம் விற்றாயிற்று. பிம்ப்ரியில் ஒரு கிளினிக்கில் இந்த போர்டு போட்ட கம்ப்யூட்டர் புகைந்தபோது, ரிசப்ஷனில் இருந்த செல்வமேரி என்ற பெண் ஒயரைப் பிடுங்கப் போய் வலது உள்ளங்கை வெந்து கிடக்கிறாள். அவளுக்கு ஒரு பழக்கூடைகூட அனுப்பாத கம்பெனி, பழியை யார் தலையில் போடலாம் என்று மட்டும் சுறுசுறுப்பாகத் தேடியது. சோதனைத் தாளில் பதினான்காவது வரி, 'மின்சாரப் பகுதி, தொடர் வெப்பம்: பாஸ்.' பக்கத்தில் இனிஷியல். சோதித்தவள் ஸ்ரீரஞ்சனி.

"நான் ஃபெயில்னுதான் எழுதினேன் மேடம். ஷப்பத், சத்தியமா," என்றாள். புனேவிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் அவள் வாயில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வந்தது. "அந்தப் பேப்பரை எனக்குக் காட்டவே இல்ல. உன் இனிஷியல் இருக்குன்னு மட்டும் சொன்னாங்க."

"ஃபெயில்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"சங்கரன் சர்கிட்ட. டிசைன் ஹெட். மனோஜ் சர்கிட்ட சொல்லி ரீ-டெஸ்ட் பண்றேன்னார். மனோஜ் சர் லேப் இன்சார்ஜ். அவர்தான் ஏதோ பண்ணிருப்பார்னு சங்கரன் சர் சொல்றார்."

"மெயில் போட்டியா?"

"இல்ல. வாயால சொன்னேன்." அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சோதனை செய்யாமலே பாஸ் போட்டேன், டிசைனில் குறை இல்லை, தவறு என்னுடையதே என்று. போட்டால் வேலை மட்டும் போகும். ஆனால் அப்படி ஒரு கடிதம் இருக்கும்போது வேறு எந்தக் கம்பெனி வாசலையும் அவள் மிதிக்க முடியாது. போடாவிட்டால் போலீஸ் புகார்.

"ஆத்துக்குப் போ. சாயங்காலம் வரைக்கும் எதுலயும் பேனாவை வைக்காதே," என்றார் மேடம்.

என் ஸ்கூட்டரின் பின்னால் மேடம் ஹெல்மெட்டும் கைப்பையுமாக உட்கார்ந்து வருவதை புனேவில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். மகர்பட்டா போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

சங்கரன் வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று, முகம் நிறையச் சிரிப்பு.

"தம்பி பேச்சுல நம்ம ஊரு வாசம் அடிக்குதே. கோயமுத்தூர்ல எங்க கண்ணு?"

"பீளமேடுங்க."

"அட, நான் சிங்காநல்லூரு."

அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன். பதினோரு வருஷமாக இந்த ஊரில் 'பையா', 'பாவு' என்று கேட்டே காய்ந்துபோன காதில் 'கண்ணு' விழுந்தால் எந்தக் கொங்கு நாட்டானும் உருகுவான். ஃபிளாஸ்க்கிலிருந்து ஃபில்டர் காபி ஊற்றிக் கொடுத்தார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். அதை இப்போது நினைத்தாலும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

"அந்தப் புள்ள எம் பொண்ணு மாதிரிங்க. போலீசுக்கே போயிருப்பாங்க. நாந்தான் கெஞ்சி, ஒரு லெட்டரோட விட்டுருங்கன்னு பேசி வச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இழுப்பறையிலிருந்து சோதனைத் தாளை எடுத்து வைத்தார். "ஃபோட்டோ மட்டும் எடுக்கப்படாது. கம்பெனி ரூல்."

இருபத்திரண்டு வரிகள். இருபத்திரண்டு பாஸ். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி, நீல மையில் ஆங்கிலத்தில் கே.எஸ்.

மேடம் பூதக்கண்ணாடியை எடுத்தார். தாளை வெளிச்சத்துக்குக் காட்டினார், திருப்பி விரலால் தடவினார்.

"இருபத்திரண்டு நாள் சோதனை. ஆனா ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரு டீக்கறைகூட இல்லை. ஒரே மூச்சுல உக்காந்து எழுதினது இது."

"அதான் கம்பெனியும் சொல்லுதுங்க," என்றார் சங்கரன் வருத்தமாக. "டெஸ்டே பண்ணாம ஒக்காந்து எழுதிட்டான்னு."

மேடம் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார். கண்டுபிடித்தது எங்கள் கட்சிக்காரியின் தலையிலேயே வந்து விழுந்தது. இனிஷியலில் பிடிக்க ஒன்றுமே இல்லை. இரண்டே இரண்டு எழுத்து, அதையும் பெரிய எழுத்தில் போட்டால் எல்லோர் கையும் ஒரே கைதான். கே.எஸ். அப்பா கிருஷ்ணஸ்வாமி, பெண் ஸ்ரீரஞ்சனி. நான் பி. சபரி, மேடம் ஆர். பாலாம்பாள். எங்கள் இருவர் கண்ணுக்கும் அது வெகு சரியாகப் பட்டது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"லேப் சாவி மனோஜ்கிட்டத்தான் இருக்குது," என்று சங்கரன் குரலைத் தாழ்த்தினார். "நம்மாளுகன்னா அவனுக்கு ஆகாதுங்க கண்ணு. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

வெளியே வரும்போது லேப் வாசலில் மனோஜ் குல்கர்னி நின்றிருந்தார். உயரமான, கடுகடுத்த மனிதர். வணக்கம் சொன்னதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவன்தான் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டேன்.

"மேடம், ஆளைப் பாத்தீங்களா? மூஞ்சியே வாக்குமூலம் கொடுக்குது."

"உன் மூஞ்சியை வச்சு உன்னை எத்தனை தடவை உள்ளே போட்டிருக்கணும் தெரியுமோ? நம்பர் வாங்கிண்டு வா அவர்கிட்ட."

நம்பர் கொடுத்தார். அதையும் ஏதோ சொத்தைப் பிரித்துக் கொடுப்பதுபோல் கொடுத்தார்.

ஸ்ரீரஞ்சனியின் வீடு பக்கத்து ஹடப்சரில், மூன்றாவது மாடி. போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணி. நான் வாங்கிப் போன வடாபாவ் பொட்டலத்தை யாரும் தொடவில்லை. மேடம் தாளில் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தபோது காலிங் பெல் அடித்தது. கூரியர்காரர்.

அந்தக் கடிதமேதான். நடந்தே போகக்கூடிய தூரத்துக்குக் கூரியர். சஸ்பென்ஷனில் இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு ஆள் அனுப்பி நேரில் கொடுக்கக்கூட அந்தக் கம்பெனிக்குக் கை கூசியிருக்கிறது.

ஸ்ரீரஞ்சனி கூரியர் சீட்டில் கிறுக்கிவிட்டுக் கவரை வாங்கினாள். கூரியர்காரர் சீட்டைக் கிழிக்கும் முன் மேடம் பாய்ந்து அதைப் பிடுங்கினார். அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒரு பாய்ச்சலை நான் எதிர்பார்க்கவில்லை.

"அரே மேடம், என் ஸ்லிப்," என்று அவர் ஹிந்தியில் பதறினார்.

"இது என்னது?" என்று மேடம் ஸ்ரீரஞ்சனியிடம் கேட்டார்.

"சைன் மேடம்."

"எஸ்.கே.ன்னு இருக்கே."

"ஸ்ரீரஞ்சனி கிருஷ்ணஸ்வாமி. எஸ், கே."

"அப்பா பேர் முன்னாடி வராதோ?"

"ஏன் வரும்? ஸர்நேம் லாஸ்ட்லதானே வரும்?" அவள் எங்களைப் புரியாமல் பார்த்தாள். "நர்சரிலேர்ந்து இப்படித்தான் போடறேன்."

மேடம் அப்படியே சோபாவில் உட்கார்ந்தார்.

"சே. இருபத்தெட்டு வருஷம் கையெழுத்துப் பாத்த கண்ணு இது. ஆம்பளை கையா பொம்பளை கையா, நடுங்கின கையா குடிச்ச கையான்னு சொல்லுவேன். எழுத்து எந்த ஊர்க்காரன் எழுத்துன்னு பாக்கத் தோணலையேடா."

"போர்டுக்கு வந்த வியாதிதாங்க மேடம். முன்னால இருக்க வேண்டியதைப் பின்னால வச்சுட்டாங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கூரியர்காரர் மட்டும் தன் சீட்டுக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றார். நான் அதை ஃபோட்டோ எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

மேடம் மனோஜை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். பேச்சு ஹிந்தியில் நடந்தது.

"அந்தப் பெண்ணின் பழைய சோதனைத் தாள்கள் உங்களிடம் இருக்கிறதா?"

"மூன்று வருஷத்துத் தாள்கள், நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் எஸ்.கே."

"வஜ்ரா-9 தாள்?"

"அந்த ஃபைலை சங்கரன் சார் லாஞ்சுக்கு முந்தின வாரமே தன் அறைக்கு எடுத்துப்போய்விட்டார். எனக்கே காட்டவில்லை."

"ரீ-டெஸ்ட் செய்யச் சொன்னாரா?"

"யார் சொன்னது அப்படி? எதை ரீ-டெஸ்ட் செய்ய?" குரல் இன்னும் கடுகடுத்தது. "பத்து நாளாகிறது மேடம். இதைக் கேட்க ஒருவராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலையில் நீங்களும் அவர் அறைக்குக் காபி குடிக்கத்தான் போனீர்கள்."

எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஃபோனை வைத்துவிட்டு மேடம் ஸ்ரீரஞ்சனியைக் கேட்டார். "ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உன் பேர் எப்படி இருக்கு?"

"ஸ்ரீரஞ்சனி கிருஷ்ணஸ்வாமி."

"அதைப் பாத்து மராத்திக்காரன் ஒருத்தன் உன் இனிஷியலைப் போட்டா?"

"எஸ்.கே."

"பஞ்சாபி போட்டா? வங்காளி போட்டா?"

"எஸ்.கே. தான்."

"கே.எஸ்.னு தானா வரணும்னா, அப்பா பேரை முன்னாடி வச்சு எழுதியே பழகின கை வேணும். உங்க ஆபீஸ்ல அப்படி எத்தனை கை இருக்கு?"

அவள் மனதுக்குள் ஒவ்வொரு மேஜையாகப் போய் வந்தாள். "ஒண்ணுதான்," என்றாள்.

"அந்த டப்பாவை மாத்திப் போட்ட டிசைன் யாரோடது?"

"பவர் செக்ஷன் எப்பவும் சங்கரன் சரே பண்ணுவார். வேற யாரையும் தொட விட மாட்டார்." பிறகு, யாரிடமோ மன்றாடுவதுபோல், "பட் அவர் என்னைப் பொண்ணு மாதிரின்னு சொல்வார் மேடம்."

"மூணு வருஷமா பொண்ணு எப்படிக் கையெழுத்துப் போடறான்னுகூடப் பாக்காத அப்பா," என்றார் மேடம். அருவருப்பு அவர் உதட்டிலேயே தெரிந்தது. "நீ ஃபெயில்னு எழுதின தாளைச் சரியாப் பாக்காமலே கிழிச்சுட்டுப் புதுசா எழுதியிருக்கார். ஒரு தடவை புரட்டியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது."

மோசக்காரர்களை நான் பார்க்காதவன் இல்லை. வாரன்டி சீலைச் சுரண்டிவிட்டுக் கடவுள் சத்தியம் செய்கிறவர்களோடு எட்டு வருஷம் மல்லுக்கட்டியவன். ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லி, காபி ஊற்றிக் கொடுத்து, அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டு, 'நாந்தான் முடிச்சைத் தளர்த்தச் சொன்னேன்' என்று சொல்கிற ஜென்மத்தை அன்றுதான் பார்த்தேன்.

"இது போதுமாங்க மேடம்? கே.எஸ்.னு போட்டது தானில்லைன்னு சாதிப்பாரே."

"சாதிக்கட்டும். இன்னொரு தடவை போட வைக்கலாம்," என்றார் மேடம்.

ஐந்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கம்பெனியின் மீட்டிங் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். மேஜையின் தலைமாட்டில் ரீனா, பணியாளர் பிரிவுத் தலைவி. புனேக்காரி. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. பக்கத்தில் சங்கரன். முன்னால் கடிதம், ஆறு பக்கம். சோதனைத் தாளும் ஆதாரமாக அங்கேயே இருந்தது.

"ஸ்ரீரஞ்சனி கையெழுத்துப் போடறா," என்றார் மேடம் தமிழில், தளர்ந்த குரலில். "நாங்க பேசிட்டோம். வேற வழி இல்லை."

"நல்ல முடிவுங்கம்மா," என்று சங்கரன் மூச்சு விட்டார். "ஒண்ணும் கவலைப்படாதே கண்ணு. நான் இருக்கேன்."

"குழந்தைக்குக் கை நடுங்கறது. எந்தெந்தப் பக்கத்துல எங்கே இனிஷியல் போடணும்னு நீங்களே பென்சில்ல லேசாப் போட்டுக் காட்டிடுங்கோ. அது மேலேயே எழுதிடுவா."

சங்கரன் சந்தோஷமாகப் பென்சிலை எடுத்தார். உதவி செய்வது என்றால் அவருக்கு அத்தனை ஆசை. ஆறு பக்கம், ஆறு மூலை. தயங்கவே இல்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எழுதி முடித்து, கடிதத்தை ரீனா பக்கம் தள்ளினார்.

ரீனா முதல் பக்கத்தைப் பார்த்தாள், புருவம் சுருங்கியது. இரண்டாவது பக்கத்தையும் பார்த்துவிட்டு ஹிந்தியில் கேட்டாள்.

"கே.எஸ். யார்?"

ஏற்கெனவே பேசி வைத்தபடி, கதவைத் தட்டிக்கொண்டு மனோஜ் உள்ளே வந்து, ஒரு தடித்த ஃபைலை மேஜைமேல் வைத்தார். மேடம் அதைத் திறந்து ஒவ்வொரு தாளாக ரீனாவின் முன் வைத்தார். எஸ்.கே., எஸ்.கே., எஸ்.கே. கடைசியில் வஜ்ரா-9 தாளை எடுத்து, பென்சில் போட்ட கடிதத்தின் பக்கத்தில் சேர்த்து வைத்தார்.

"எங்கள் ஊரில் அப்படித்தான் போடுவோம்," என்று சங்கரன் ஆங்கிலத்தில் அவசரமாகச் சொன்னார். "தமிழர்கள் எல்லோரும் அப்பா பெயரைத்தான் முன்னால் போடுவார்கள்."

"ஆமாம். தமிழர்கள்தான் போடுவார்கள்," என்றார் மேடம் அதே ஆங்கிலத்தில். "இவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை."

ரீனா தாளையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஸ்ரீரஞ்சனியிடம் கேட்டாள், "ஃபெயில் என்று தெரிந்ததும் நீ ஏன் மெயில் அனுப்பவில்லை?"

"மெயில் வேண்டாம், எல்லார் கண்ணிலும் படும், தமிழில் என்னிடம் சொன்னால் போதும் என்று சார் சொன்னார்," என்றாள் அவள் ஹிந்தியில். "நம் ஆள்தானே என்று விட்டுவிட்டேன்."

சங்கரன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். முகத்தில் அந்தச் சிரிப்பு திரும்ப வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைத் துடைக்க ஒரு துணி கிடைக்குமா என்று பார்த்தேன்.

"கண்ணு, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நமக்குள்ள இருக்கட்டும். கொஞ்சம் பொறுமையாக் கேளு."

ஸ்ரீரஞ்சனி ரீனாவைப் பார்த்துத் திரும்பினாள். தெளிவான ஹிந்தியில், குரல் ஏறாமல் சொன்னாள். "உங்களுக்குத் தமிழ் தெரியாது என்கிறார். இது எங்களுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்."

ரீனா பேனாவை எடுத்தாள்.

"என்ன கண்ணு இப்படிப் பண்ற? லாஞ்ச் தேதி குறிச்சாச்சு. இப்பப் போயி டிசைன் தப்புன்னா எம்பேரு என்னாகறது? அடுத்த பேட்ச்ல திருப்பிக்கலாம்னுதான் உன் இனிஷியலப் போட்டேன்."

"லாஞ்ச் தேதி குறித்தாகிவிட்டதாம். டிசைன் தப்பு என்றால் அவர் பெயர் கெட்டுவிடுமாம். அடுத்த பேட்சில் சரிசெய்யலாம் என்று அவரேதான் என் இனிஷியலைப் போட்டாராம்."

ரீனா எழுதினாள். மனோஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ சின்னப் புள்ள, வேற வேலை கெடைக்கும். எனக்கு இந்த வயசுல யார் குடுப்பாங்க? அந்தக் கிளினிக்குப் பொம்பள கை வெந்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்? ஒயரை எதுக்குப் புடுங்கப் போனா?"

அவள் ஒரு வார்த்தையையும் விடவில்லை. எதையும் மெதுவாக்கவும் இல்லை. வேலை, வயது, கிளினிக், ஒயர், எல்லாவற்றையும் சொன்ன வரிசையிலேயே ஹிந்தியில் வைத்தாள். ரீனாவின் பேனா நின்றது. ஃபோனை எடுத்து யாரிடமோ, வஜ்ரா-9 ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது, விற்றதெல்லாம் திரும்ப வர வேண்டும் என்று சொன்னாள். ஆறு பக்கக் கடிதத்தை எடுத்துத் தன் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி பேனாவை எடுத்தாள்.

சங்கரனுக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்திருக்க வேண்டும். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு, மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்ரீரஞ்சனி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க சர்," என்றாள் தமிழில். "ரீனா மேடம் எழுதிட்டிருக்காங்க."